“அப்படில்லாம் பேசாத” என்று அடக்கிவிட்டேன்

கேள்வி: அக்கா, நானும் என் தோழியும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். கல்யாணமாகி அவள் காசிமேட்டில் இருக்கிறாள். மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ நடக்கிறது. போன வாரம், “நான் போயிட்டா பாப்பாவ யாருடி பாத்துப்பாங்க?” என்று ஆரம்பித்தாள். “வாய மூடு, அப்படில்லாம் பேசாத” என்று அடக்கிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ராத்திரியெல்லாம் இடுப்பு வலி வேறு. டாக்டர் வலிக்குக் கொடுத்த ‘மார்பின்’ (morphine) மாத்திரையை, பழகிப்போய்விடும் என்று அவள் மாமியார் எடுத்து வைத்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மாத்திரையை வாங்கி அவள் கையில் கொடுக்க வழி பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். பொறுக்கவே தேவையில்லாத வலி அது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் மார்பின் எடுக்கிறவர்கள் அதற்கு அடிமையாவது அபூர்வம். வலி வந்த பிறகு விழுங்குவதை விட, டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் விழுங்கினால்தான் வலி அடங்கியே இருக்கும். முதல் சில நாள் தூக்கம் தூக்கமாக வரும், பிறகு சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் கூடவே இருக்கும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை அவரையும் அடையாறுக்குக் கூட்டிப் போய், டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே குறைவதுண்டு. அதையும் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை, அதாவது வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற சிகிச்சை, தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவள் உங்களிடம் ஆறுதல் கேட்கவில்லை, ஏற்பாடு கேட்டாள். வீட்டில் யாரிடம் வாயைத் திறந்தாலும் “ஒண்ணும் ஆகாது” என்றுதான் சொல்லியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய நீங்களாவது கேட்பீர்கள் என்று நம்பி வந்திருக்கிறாள். நீங்களே போய், “அன்னிக்கு பாப்பாவைப் பத்தி ஏதோ சொல்ல வந்தியே, சொல்லுடி” என்று ஆரம்பியுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். பள்ளிக்கூடம், நகை, பேங்க் புத்தகம், பாப்பா யார் வீட்டில் வளரணும் என்று அவள் சொல்வதையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். புருஷனிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா நாளும் இதையே பேசவும் வேண்டாம். தெருக்கதை, சீரியல், மீன் என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

“ஏதாவது வேணுமா?” என்று கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். கேட்காமல் ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். கீமோவுக்குக் கூடப் போவது என்றால் ஃபைலும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் உங்கள் பையில் இருக்கட்டும். மெட்ரோவில் சின்னமலை வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். திரும்பும்போது அவள் சோர்ந்திருப்பாள், கூட்டத்தில் நிற்கவைக்காதீர்கள். சாப்பாடு உங்கள் பொறுப்பென்றால், மீன் குழம்பு கொதிக்கிற வாசனையே குமட்டும். உங்கள் வீட்டில் சமைத்து, ஆறவைத்துக் கொஞ்சமாகக் கொண்டு போங்கள். வாயெல்லாம் இரும்பு மாதிரி கசக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், நடுராத்திரியானாலும் அப்போதே ஆஸ்பத்திரி. பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் கிருமி மளமளவென்று பரவிவிடும். கால் திடீரென்று மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், எலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தலாம். அப்படியொரு ராத்திரியில் யார் வண்டி எடுப்பது, பாப்பா யாரிடம் இருப்பாள் என்பதை அவள் புருஷனிடம் இந்த வாரமே பேசி வையுங்கள்.