மகனின் ஜிம்னாஸ்டிக்ஸும் கல்லூரி ஸ்காலர்ஷிப்பும்

தம்பி, மிச்சிகனுக்கு வந்த கையோடு மகனை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். பையனுக்கு நல்ல கை வலு என்று பயிற்சியாளர் சொன்னாராம். இதை வைத்தே கல்லூரியில் ஸ்காலர்ஷிப் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்காலர்ஷிப்பை மட்டும் நினைத்து என்றால் வேண்டாம். பையனுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக விடுங்கள்.

இங்கே கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸாக மோதும். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு. நம் பக்கத்தில் பெரியது பிக் டென். பெயரில்தான் டென், இப்போது 18 பல்கலைக்கழகங்கள். அதில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், இல்லினாய், நெப்ராஸ்கா ஆகிய ஐந்தில்தான் இருக்கிறது. பெண்கள் அணி 12 இடங்களில் உண்டு. ஐயோவாவும் மின்னசோட்டாவும் 2021 சீசனோடு ஆண்கள் அணியைக் கலைத்துவிட்டன. கோவிட்டில் வருமானம் விழுந்ததும் கத்தி இவர்கள் மேல்தான் பாய்ந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நாடு முழுக்கச் சேர்த்தாலும் பதினைந்து அணிகள்தான் தேறும். நீண்ட காலம் ஓர் அணிக்கு 6.3 முழு உதவித்தொகை என்பதுதான் உச்சவரம்பு. அதையும் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-ல் விதிகள் மாறின. ஆனாலும் இடங்கள் கொஞ்சம்தான்.

ஆனால் இந்தச் சின்ன வட்டத்தின் தரத்தைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணி வெண்கலம் வென்றது, 16 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த அணிப் பதக்கம். ஐந்து பேருமே கல்லூரி அணிகளில் வளர்ந்தவர்கள். மூவர் பிக் டென்காரர்கள். ஃபிரெட் ரிச்சர்டும் பால் ஜூடாவும் மிச்சிகன், ஸ்டீபன் நெடொரோசிக் பென் ஸ்டேட். நெடொரோசிக் செய்வது பாமல் ஹார்ஸ் ஒன்றுதான், கைப்பிடிகள் வைத்த குதிரை போன்ற சாதனத்தில் கை ஊன்றிச் சுழலும் பிரிவு அது. இறுதிச் சுற்று முழுவதும் காத்திருந்து, அணியின் கடைசி ஆளாக ஏறி, பிசகாமல் முடித்தார். ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருடம் உழைத்த பையனுக்கும் அணியில் இடம் கொடுக்கும் விளையாட்டு இது. உங்கள் மகனுக்கு நான் விரும்புவது அதைத்தான்.

2025 கல்லூரித் தேசியப் பட்டத்தை மிச்சிகன் பல்கலைக்கழக அணி தன் ஊரான ஆன் ஆர்பரில் சொந்த மண்ணிலேயே வென்றது. சீசன் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஒரு போட்டிக்கு அவனைக் கூட்டிப்போய் பாமல் ஹார்ஸுக்கு நேரே உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், தொடர விருப்பமா என்று அவனையே கேளுங்கள். படிப்புச் செலவுக்கு வேறு வழியை இப்போதே பார்த்து வையுங்கள்.