பனிமலைப் பயணத்துக்காக அவசர நிதியை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, 12 மற்றும் 8 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆண்டுதோறும் பனிச்சறுக்குக்குப் போய்வரும் நண்பர் குடும்பம் இந்த முறை எங்களையும் அழைக்கிறது. புறப்பட இன்னும் 5 மாதம் இருக்கிறது. எங்களில் யாரும் இதுவரை ஸ்கீ பலகையில் கால் வைத்ததில்லை. போகும் ரிசார்ட் மலைக்கு மேலே, ஒரே ஒரு சாலையின் முடிவில் இருக்கிறது. எங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்தால் வீட்டுச் செலவு 70. பிள்ளைகள் படிப்புக்கும் ஓய்வுக்காலத்துக்கும் 15 போகிறது, மிஞ்சுவது 15. கையில் தனியாக 60 சேர்ந்திருக்கிறது. அவசர நிதி 350. நண்பர் தந்த கணக்கு 250: விமான டிக்கெட் 110, ஏழு இரவு தங்குமிடம் 100, ஆறு நாள் லிஃப்ட் பாஸ் 40. தங்குமிடத்துக்கு இப்போதே முழுப் பணத்தையும் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி. ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது. குறைகிற தொகையை அவசர நிதியிலிருந்து எடுப்பதா, தவணைக் கடன் வாங்குவதா? ஸ்கீ சாமான்களைச் சொந்தமாக வாங்குவது முதலீடு என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: போங்கள், ஆனால் இந்தப் பருவத்தில் வேண்டாம். அடுத்த பருவத்தில் போங்கள். அவசர நிதியைத் தொட வேண்டாம், கடனும் வேண்டாம். சாமான்கள் முதலீடு என்ற பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் சிக்கல் அந்த 250. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவரிடம் ஏற்கெனவே எல்லாம் இருப்பதால், இல்லாதவருக்கு ஆகும் செலவு அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். லிஃப்ட் பாஸ் என்பது மலைமேல் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. பலகை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை அதில் சேராது. பயிற்சி சேராது. மதியமும் இரவும் சாப்பிட்டாக வேண்டும். விமான நிலையத்திலிருந்து மலை உச்சிவரை போக வேண்டும். பல சமயம் பயணத்தின் மிக விலையேறிய கிலோமீட்டர்கள் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்கள்தான். நீங்கள் தந்த விவரங்களை வைத்து நான் போட்ட உத்தேசக் கணக்கில் பயிற்சி 20, வாடகை 15, சாப்பாடு 20, காப்பீடு 8, கடைசிக் கட்டப் போக்குவரத்து 7, கையுறை, கண்ணாடி, உடைகளுக்கு 5 என்று 75 கூடுகிறது. ஆக, நண்பரின் திட்டப்படியே போனால் உண்மையான செலவு 325.

புறப்படுவதற்குள் உங்களால் சேர்க்க முடிவது மாதம் 15 வீதம் 75. கையில் உள்ள 60-ஐயும் சேர்த்தால் 135. பள்ளம் 190.

இந்த 190-ஐ அவசர நிதியிலிருந்து எடுத்தால் அதில் மிஞ்சுவது 160. இப்போது ஐந்து மாத வீட்டுச் செலவைத் தாங்கும் நிதி, இரண்டு மாதம் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். வேறு ஒரு சுற்றுலாவாக இருந்தால் இதையே கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருப்பேன். பனிச்சறுக்கில் எனக்குத் தயக்கமில்லை. இந்த விளையாட்டில் அடிக்கடி அடிபடும் இடம் முழங்கால். அதிலும் முழங்கால் எலும்புகளை உள்ளே பிணைக்கும் முன்புறச் சிலுவைத் தசைநார் (ACL) கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, பயிற்சி என்று மாதக்கணக்கில் இழுக்கும். புதிதாகக் கற்பவர்கள் அனுபவசாலிகளைவிட அதிகம் காயப்படுகிறார்கள். மருத்துவச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். விடுப்பில் போகும் சம்பளத்தை அது பார்த்துக்கொள்ளாது. அவசர நிதி தேவைப்படும் வாய்ப்பைக் கூட்டுகிற ஒரு காரியத்துக்கு, அந்த நிதியையே கரைத்துக்கொண்டு போவது எப்படிச் சரியாகும்?

கடன் கணக்கு இன்னும் மோசம். பயணக் கடன்களைப் பெரும்பாலும் ‘ஃபிளாட்’ வட்டியில் சொல்லி விற்பார்கள். 190-க்கு 12 மாதம், 10 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மொத்தம் 209 கட்ட வேண்டும். மாதத் தவணை 17-ஐத் தாண்டும். உங்களிடம் மாதம் மிஞ்சுவதே 15. குறையும் 2-ஐப் பிள்ளைகள் படிப்புப் பணத்திலிருந்துதான் எடுப்பீர்கள். இன்னொன்று: மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கும் வட்டி வாங்குவதால், அந்த 10 சதவீதம் உண்மையில் ஏறக்குறைய 18 சதவீதம். ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொன்னால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு மறுக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். வட்டி அந்த இரண்டில் ஒன்றில் ஒளிந்திருக்கும்.

அடுத்த பருவத்துக்கு 17 மாதம் இருக்கிறது. 15 வீதம் 255. கையிலுள்ள 60-உடன் 315. இன்னும் 10 குறைகிறதே என்பீர்கள். குறைக்க இடம் இருக்கிறது, அதுவும் நண்பரின் கணக்கிலேயே.

உங்கள் நால்வருக்கும் முழு மலைக்கான லிஃப்ட் பாஸ் எதற்கு? முதல் மூன்று நாள் நீங்கள் அடிவாரத்துச் சரிவில், நகரும் கம்பளத்தில் ஏறி, நிற்கப் பழகிக்கொண்டிருப்பீர்கள். உச்சிக்குப் போகும் கேபிள் காரை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் தொடக்கநிலைச் சரிவுகளுக்கு மட்டும் தனியாக மலிவான பாஸ் உண்டு. சில இடங்களில் அந்தக் கம்பளம் இலவசம். முதலில் அதை வாங்குங்கள். பயிற்சியாளர் ‘மேலே போகலாம்’ என்று சொன்ன பிறகு ஒன்றிரண்டு நாளுக்கு முழு பாஸ் எடுங்கள். அதையும் முந்தைய நாளே இணையத்தில் எடுங்கள். கவுன்டரில் அன்றைக்கே வாங்கும் டிக்கெட்தான் பெரிய ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் விலை அதிகம். 40 என்பது 20 ஆகிவிடும். ஆனால் பயிற்சிச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நண்பர் சொல்லித் தருவார் என்று நம்பிப் போய், இரண்டாம் நாளே கோபத்தோடு அறைக்குத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ.

அடுத்தது, எந்த வாரம் போவது என்பது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை ஆகியவைதான் வடகோளப் பனிமலைகளில் உச்ச விலை வாரங்கள். புத்தாண்டு முடிந்த மறுவாரமே தங்குமிட விலை இறங்கும். மார்ச் பிற்பகுதியிலும் இறங்கும். ஆனால் உயரம் குறைந்த இடங்களில் அப்போது பனி இளகிச் சேறாகியிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கு ஒத்துவந்தால் இத்தகைய ஒரு வாரத்துக்கு மாறி, 100-ஐ 80 ஆக்கலாம். இப்போது மொத்தம் 285. மிச்சம் 30.

அந்த 30-ஐத் திட்டமிட்டே தனியாக வைக்கச் சொல்கிறேன். தொலைதூர மலையின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. நகரத்தில் ஒரு ஓட்டல் விலை கூடுதலாக இருந்தால் அடுத்த தெருவுக்குப் போகலாம். மலைமேல் அடுத்த தெரு இல்லை. சிலியின் போர்ட்டில்லோ ஆண்டீஸ் மலையில் 2,880 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் ஒரே ஓட்டல். அறை, சாப்பாடு, லிஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்து வாரக்கணக்கில்தான் பெரும்பாலும் விற்கிறது. பார்க்க அதிகமாகத் தெரியும் அத்தகைய விலை, சில்லறையாக வாங்கிக் கூட்டுவதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. ஆகவே காலை உணவு மட்டும் தரும் அறையையும் இரவு உணவும் சேர்ந்த அறையையும் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

சாலை அடைபட்டால் என்ன ஆகும்? 2018 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் பனிச்சரிவு அபாயத்தால் ரயிலும் சாலையும் நின்றுபோக, ஏறக்குறைய 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆல்டாவில், பனிச்சரிவு அபாயம் முற்றும்போது கட்டடத்தை விட்டு வெளியே வரவே தடை விதிப்பார்கள். அதற்கு ‘இன்டர்லாட்ஜ்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. இதெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டவர்களும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், அதற்குப் பணம் கட்டினார்கள். இரண்டு இரவு கூடுதல் அறை வாடகை, தவறிய விமானத்துக்கு மாற்று டிக்கெட்: அந்த 30 இதற்குத்தான். திரும்பும் விமானத்தை மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் வைக்காமல், கடைசி இரவை அடிவார நகரத்தில் கழித்தால் இந்தப் பணம் தேவைப்படாமலே போகலாம். வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே அலுவலகத்தில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இனி அந்த 15 சதவீதத் தள்ளுபடி. 100 தங்குமிடத்தை 85-க்குத் தருகிறார்கள். பதிலுக்கு ரத்து செய்யும் உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள். பயணம் நின்றுபோகும் வாய்ப்பு 15 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்று என்றால் இரண்டு பேரமும் சமம். அதைவிட வாய்ப்பு அதிகமென்றால், தள்ளுபடி இல்லாத அறைதான் மலிவு. நோய், விபத்து போன்ற காரணங்களைக் காப்பீடு ஏற்கும் என்பதால் அவற்றை இதில் சேர்க்காதீர்கள். காப்பீடு ஏற்காத காரணங்களை எண்ணுங்கள்: விடுப்பு கிடைக்காதது, தேர்வுத் தேதி மாறுவது, நண்பர் குடும்பமே பின்வாங்குவது, பனி பெய்யாதது. கடைசிக் காரணம் கற்பனை அல்ல. 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளே பனியில்லாமல் காய்ந்து கிடந்தன. பல மாதம் முன்பே, முதல்முறை போகிற ஒரு நாலு பேர் குடும்பத்துக்கு ஏழில் ஒன்றைவிடக் குறைவான ஆபத்துதான் என்று என்னால் சொல்ல முடியாது. ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது பனி நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

காப்பீட்டில் 8 போட்டிருக்கிறேன். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை இந்த ஒரு காரணத்துக்காகவே நம்ப முடியாது. பாலிசியில் பார்க்க வேண்டியவை: மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு உண்டா, தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்துவரும் செலவு உண்டா, நீங்கள் மோதி இன்னொருவர் காயப்பட்டால் அந்த இழப்பீட்டை ஏற்குமா. இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல் இந்த மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சறுக்குவதே சட்டப்படி குற்றம். குறியிட்ட தடத்துக்கு வெளியே போனாலும், மது அருந்திவிட்டுச் சறுக்கினாலும் பல நிறுவனங்கள் கையை விரித்துவிடும். பாலிசியைப் புறப்படும் வாரத்தில் வாங்கினால் அதிலுள்ள ரத்துப் பாதுகாப்பு ஏறக்குறைய வீண். ரத்துக்கான பாதுகாப்பு வாங்கிய பிறகுதான் தொடங்கும் என்பதால், முதல் முன்பதிவு செய்யும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காதீர்கள்.

சாமான் விஷயம். வாங்கிய நாள் முதல் விலை இறங்கும் பொருளுக்கு முதலீடு என்று பெயரில்லை. உங்கள் 8 வயதுப் பிள்ளையின் பாதம் அடுத்த பருவத்துக்குள் வளர்ந்துவிடும், பூட்ஸ் பொருந்தாது. தொடக்கநிலைக்காரருக்கு ஏற்ற பலகை, நன்றாகக் கற்றுக்கொண்டவருக்குப் போதாது. விமானத்தில் கூடுதல் சுமைக் கட்டணமும் சேரும். வாடகைக்கே எடுங்கள்; மலை உச்சியில் உள்ள கடையைவிட அடிவார ஊரில், முன்பதிவோடு எடுத்தால் பெரும்பாலும் மலிவு. காலுறை, கையுறை, கண்ணாடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். இரண்டு மூன்று பருவம் போன பிறகும் ஆசை தீரவில்லை என்றால், பெரியவர்கள் இருவரும் முதலில் பூட்ஸை மட்டும் வாங்கலாம். காலுக்குப் பொருந்தாத வாடகை பூட்ஸ்தான் இந்த விளையாட்டை வெறுக்க வைக்கும்.

மாதாந்தர 15-ஐச் சம்பள நாளன்றே தொடர் வைப்பில் போகும்படி செய்துவிடுங்கள். 17 மாதப் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமல்ல. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டிய தொகையை ஒரே நாளில் மாற்றாமல் விமானம், தங்குமிடம், பயிற்சி என்று கட்டும்போதெல்லாம் பிரித்து மாற்றுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?’ என்று கருவி கேட்டால், வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் தரப்பு போடும் மாற்று விகிதத்தில் சில சதவீதம் கூடுதலாகப் போய்விடும். வாடகைக் கடையும் ஓட்டலும் கார்டில் முன்பணமாக ஒரு தொகையை நிறுத்திவைக்கும் என்பதால், கார்டு வரம்பில் அதற்கும் இடம் விட்டுவைக்க வேண்டும். நண்பருக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் நால்வரையும் சேர்த்து அவர் பெரிய வீடாக முன்பதிவு செய்துவிட்டால், பிறகு மறுப்பது இருவருக்குமே சங்கடம்.