மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற காளான், மோப்பம் பிடிக்கிற நாய்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இத்தாலி பயணம் பத்தி எழுதினப்ப, நாயோட ட்ரஃபிள் தேடப் போனதை ஒரே வரியில சொல்லியிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து அதைப் பத்தியே இத்தனை கேள்வி வந்திருக்கு, அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான்.

அக்கா, ட்ரஃபிள்னா என்ன? அதுக்கு எதுக்கு நாய், மனுசனே தோண்டி எடுத்துக்க முடியாதா?
வாசகி, ஓசூர்

அதுவும் காளான் தான்மா, ஆனா குடை விரிச்சு வெளிய வராது. ஓக், ஹேசல், பாப்லர் மாதிரி மரங்களோட வேர்ல ஒட்டி வாழற ஒரு பூஞ்சை, அது மரத்துக்கு தண்ணியும் சத்தும் இழுத்துக் குடுக்கும், மரம் பதிலுக்கு சர்க்கரை குடுக்கும், அந்தப் பூஞ்சை காய்ச்சா வர்றது தான் ட்ரஃபிள், மண்ணுக்கு அடியில உருளைக்கிழங்காட்டம் உருண்டையா கிடக்கும். மண்ணுக்குள்ள இருக்கிறதால காத்துல வித்துகளைப் பரப்ப முடியாது, அதனால முத்தினதும் வாசனை விடும், காட்டுப்பன்னி, அணில், எலி எல்லாம் தோண்டித் தின்னுட்டு போற இடத்துல வித்துகளைப் போட்டுட்டுப் போகும்.

நாய் ஏன்னா, முத்தாத ட்ரஃபிளுக்கு வாசனையே இருக்காது, வாசனை இல்லாததுக்கு ருசியும் இல்ல விலையும் இல்ல. மனுசன் கருவியைப் போட்டு வாரினா பிஞ்சு, முத்தினது எல்லாம் சேர்ந்து வந்துடும், மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சை நூலும் அறுந்துடும். அமெரிக்காவுல ஓரிகன் பக்கம் இப்படி வாரி வாரி எடுத்துத் தான் அந்த ஊர் ட்ரஃபிளுக்கே கெட்ட பேரு வந்துச்சு. நாய் முத்தினதை மட்டும் தான் காட்டும், மீதியை விட்டுட்டுப் போயிடும். எனக்கு இந்த விசயத்துல ரொம்பப் பிடிச்சதே இது தான். முன்னாடி பன்னியை வெச்சும் தேடினாங்க, ஆனா அது மண்ணைக் கிளறிப் போட்டுடும், கண்டுபிடிச்சதையும் தின்னுடும். இத்தாலியில 1985ல வந்த சட்டப்படி நாயோட தான் தேடணும், தோண்டின குழியை மூடியே ஆகணும்.

அந்தத் தேடல் அனுபவத்தை விரிவா எழுதுங்க அக்கா.
வாசகர், காவேரிப்பட்டணம்

ஆல்பாங்கிற ஊரைச் சுத்தி லாங்கேன்னு மலைப்பகுதி, திராட்சைத் தோட்டமும் ஹேசல் தோப்பும் மாறி மாறி வரும். நவம்பர் மாசம், பத்தடிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாத பனிமூட்டம், அங்க வெள்ளை ட்ரஃபிளுக்கு அது தான் சீசன். கூட்டிட்டுப் போனவர் வயசான ஒரு பெரியவர், கூட லகோட்டோ ரோமன்யோலோ ஜாதி நாய் ஒண்ணு, சுருட்டை முடி, நடுத்தர உசரம். இந்த ஜாதி முதல்ல சதுப்பு நிலத்துல வேட்டைக்காரங்க சுட்டு விழுத்தின வாத்தைத் தண்ணிக்குள்ள இறங்கி எடுத்துட்டு வர்ற நாயா இருந்துச்சாம், சதுப்பை எல்லாம் வத்த வெச்சு வயலாக்கினப்புறம் ட்ரஃபிளுக்கு மாறிடுச்சு.

நாய் மூக்கை மண்ணுல வெச்சுட்டு குறுக்கும் நெடுக்குமா ஓடுது, பெரியவர் சத்தமே போடாம வாய்க்குள்ளயே ஏதோ பேசிட்டு பின்னாடி நடக்கறாரு, நான் சேத்துல வழுக்கி வழுக்கி அவங்க பின்னாடி. ரொம்ப நேரம் ஒண்ணுமே கிடைக்கல. திடீர்னு ஒரு பாப்லர் மரத்தடியில நாய் நின்னுச்சு, வட்டம் போட்டுச்சு, வாலு படபடன்னு ஆடுது, முன்னங்காலால கீற ஆரம்பிச்சுது, அவ்ளோ தான், அந்த வயசுல அவர் ஓடின ஓட்டம் இருக்கே! நாயோட நகம் பட்டா ட்ரஃபிள் கீறிடும், கீறினா விலை போச்சு. நாயை மெதுவா ஒதுக்கி பிஸ்கட் குடுத்துட்டு, சின்ன வாய் வெச்ச குத்துக்கொத்தால கொஞ்சம் கொஞ்சமா மண்ணை எடுத்தாரு, நடுவுல ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பாத்து என் கையில குடுத்தாரு. பூண்டு வாசனை மாதிரி, தேன் மாதிரி, ஈர மண்ணு மாதிரி, எல்லாம் சேர்ந்து மூக்குல ஏறுச்சு. வெளிய வந்தது எலுமிச்சம்பழ அளவு கூட இல்ல. எடுத்த கையோட அவர் செஞ்சது குழியை மூடி, மேல சருகைப் பரப்பி, காலால அழுத்தினது தான். மூடலைன்னா பூஞ்சை காஞ்சுடும், அடுத்த வருசம் அந்த இடத்துல எதுவும் வராதுன்னாரு. இந்த அறிவையும் பழக்கத்தையும் தான் 2021ல யுனெஸ்கோ கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

எங்கிட்ட நாட்டு நாய் இருக்குங்க, இதைப் பழக்க முடியுமா?
வாசகர், அஞ்செட்டி

முடியும் தம்பி, மோப்ப வேலைக்கு ஜாதியை விட ஆர்வம் தான் முக்கியம், இத்தாலியிலயே கலப்பு நாய் நிறைய இந்த வேலை செய்யுது. குட்டியா இருக்கும்போதே வாசனைப் பொருளைத் துணியில சுத்தி விளையாட்டுக்குத் தூக்கிப் போடுவாங்க, எடுத்துட்டு வந்தா தீனி. அப்புறம் சருகுக்கு அடியில, அப்புறம் மண்ணுக்குள்ளன்னு ஒளிச்சு வெப்பாங்க. அடிக்கவே கூடாது, நாய்க்கு அது விளையாட்டாவே இருக்கணும். நம்ம பக்கம் ட்ரஃபிள் இல்லாட்டி என்ன, வீட்டுல ஒரு ஏலக்காயைத் துணியில கட்டி ஒளிச்சு வெச்சுப் பாருங்க, நாய் எவ்ளோ சந்தோசப்படுதுன்னு தெரியும்.

தளி பக்கம் நிலம் இருக்கு, குளிரும் இருக்கு. ட்ரஃபிள் நாத்துன்னு யூடியூப்ல விக்கறாங்க, வாங்கலாமா?
விவசாயி, தேன்கனிக்கோட்டை

வேண்டாங்க ஐயா. காசைக் குடுத்துடாதீங்க. பூஞ்சை ஏத்தின ஓக், ஹேசல் நாத்து நட்டு ஆஸ்திரேலியாவுல வெற்றிகரமா எடுக்கறாங்க, டாஸ்மேனியாவுல 1999ல முதல் ட்ரஃபிள் கிடைச்சுது, உண்மை தான். ஆனா அதுக்கு சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிற மண்ணு வேணும், மண்ணோட கார அமில அளவான பி.ஹெச். எட்டை ஒட்டி இருக்கணும், நல்ல குளிர்காலமும் வேணும். நம்ம செம்மண்ணு பெரும்பாலும் அப்படி இல்ல, ஓசூர் குளிரும் பத்தாது. எல்லாம் சரியா இருக்கிற ஊர்லயே காய்க்க பல வருசம் ஆகும். நாத்து விக்கிறவர் இந்தப் பக்கம் காய்ச்ச தோட்டம் ஒண்ணைக் காட்டட்டும், அப்புறம் பேசுங்க.

குவைத்துல இருக்கிற பையன் பாலைவனத்துல இதே காளான் கிடைக்குதுன்னு போட்டோ அனுப்பறான்மா. இதுவும் அதுவும் ஒண்ணா?
வாசகி, பென்னாகரம்

சொந்தக்காரன்னு வெச்சுக்கலாம்மா, வேற வகை. அங்க ஃபகான்னு சொல்வாங்க, மழைக்கு அப்புறம் சின்னச் சின்னப் பாலைவனச் செடி வேரோட வளரும். வாசனை லேசு தான், மண்ணு வெடிச்சு மேடு தட்டியிருக்கிறதை மனுசங்க கண்ணாலயே பாத்து எடுத்துடுவாங்க. நல்லா மண்ணு போகக் கழுவி வேக வெச்சு சாப்பிடச் சொல்லுங்க.

ட்ரஃபிள் ஆயில் வாங்கலாமா?
வாசகர், கிருஷ்ணகிரி

பெரும்பாலானதுல ட்ரஃபிளே கிடையாது, எண்ணெய்ல டைதயாபென்டேன்னு ஒரு செயற்கை வாசனை ரசாயனம் கலந்தது. வாங்காதீங்க.

சித்தேரி மலையில மழைக்கு புத்துக்காளான் நிறைய வருது, நாயைக் கூட்டிட்டுப் போய்த் தேடினா வேற ஏதாச்சும் கிடைக்குமா?
வாசகர், அரூர்

புத்துக்காளான் கரையானோட கூட்டு வாழ்க்கை வாழறது, இடி மழைக்கு அப்புறம் தானா மேல வந்துடும், அதுக்கு நாய் தேவையில்லை. மண்ணுக்குள்ள கிடைக்கிறது இந்தியாவுலயும் இருக்குங்க, ஜார்க்கண்டுல சால் மரத்தடியில மழைக்காலத்துல ருக்டான்னு எடுத்து ராஞ்சி சந்தையில விக்கறாங்க, முசூரியில கிடைச்ச ட்ரஃபிளுக்கு 1892லயே ட்யூபர் இண்டிகம்னு பேரு வெச்சிருக்காங்க. ஆனா நாயோட காட்டுக்குள்ள போகாதீங்க. முயல், எறும்புத்தின்னி பின்னாடி நாய் ஓடிடுச்சுன்னா வனவிலங்குச் சட்டத்துல கேஸ் ஆகும், காட்டு விலங்குக்கு நோயும் பரவும். யானை நடமாடற காடா இருந்தா, மிரண்ட நாய் அதை உங்ககிட்டயே கூட்டிட்டு வந்துடும்.

இன்னொண்ணு. பேர் தெரியாத காளானை நாய் மோந்துச்சுன்னு நம்பி சமைக்காதீங்க. சில விசக் காளான் சாப்பிட்ட உடனே ஒண்ணும் செய்யாது, ஆறு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத் தான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், நடுவுல நின்ன மாதிரி இருக்கும், அதுக்குள்ள கல்லீரல் போயிட்டிருக்கும். வேக வெச்சாலும் அந்த விசம் போகாது. யாராச்சும் சாப்பிட்டுட்டா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம மீதிக் காளானையும் பையில போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.