கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து 17 வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வயது 40. சட்டம் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் டிகிரிக்கு எல்.எல்.பி. சேரலாமா, வயது தடையாகுமா, நுழைவுத் தேர்வு உண்டா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் கணவர் பத்தாவது முடித்து, பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வாங்கியவர். அவருக்கும் சேர விருப்பம். தெரிந்த ஒருவர், பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் வகுப்புக்கே போகாமல் பரீட்சை மட்டும் எழுதி முடிக்கலாம் என்கிறார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை அவரிடம் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை. படித்த படிப்பும் பார்த்த வேலையும் வீணாகி, 40 வயதில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதுபோல் இருக்கிறது. நான் எடுப்பது சரியான முடிவுதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. கேட்ட கேள்விகளுக்குப் பத்து வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ‘வீணாகி’ என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். அது என்னை விடவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கேட்டவை. நர்சிங் பட்டத்தோடு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சேரலாம் என்றுதான் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிகள் சொல்கின்றன. பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்குக் குறைந்தது 45 விழுக்காடு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அறிவிப்பு வெளியிடும், விண்ணப்பிக்க வேண்டும், பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். கிளாட் தேர்வுக்கு (பிளஸ் டூ முடித்தவர்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பு சேர எழுதுவது) யாராவது கோச்சிங் சேரச் சொன்னால் சேர வேண்டாம், அது உங்களுக்கானது அல்ல. வயதைப் பற்றி இனி யாரிடமும் கேட்காதீர்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது வரம்பு கொண்டுவரப் பார்த்தார்கள், 2017இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

உங்கள் கணவர் விஷயம் எழுதக் கை வரவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியிருந்தால் விதி அவரை ஏற்கும். அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை ஏற்காது. அந்த விதியிலேயே விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் படித்துப் பாஸ் செய்தவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆசை காட்டி அவரை அலைய விட எனக்கு மனம் இல்லை. மூன்று வருடம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்யப் போய் நின்று, அங்கே ‘இது செல்லாது’ என்று கேட்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

இப்போது ‘வீண்’.

என் சித்தப்பா கொத்தனார். 2013இல் வேலை முடிந்து சைக்கிளில் வந்தவரை ஒரு வேன் அடித்தது. வலது முழங்காலில் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து, 41 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு போட்டோம். வாய்தாவுக்கு அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனது நான். எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை, ஒரு நாளைக்கு முப்பது வழக்குக் கட்டு தூக்குகிறவர். ஊனச் சான்றிதழ் கொடுத்த டாக்டர் சாட்சி சொல்ல வந்தார். 35 விழுக்காடு ஊனம் என்றார். எங்கள் வக்கீல் சான்றிதழில் அவர் கையெழுத்தைக் காட்டி, ‘இது உங்கள் கையெழுத்துதானே’ என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றார் டாக்டர். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் இரண்டு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், டாக்டர் இறங்கிப் போய்விட்டார்.

தீர்ப்பாயம் அந்த 35ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, வருமானத்தில் 35 விழுக்காடு இழப்பு என்று கணக்குப் போட்டது.

ஒரு கொத்தனாரால் குத்தவைத்து உட்கார முடியவில்லை, சாரம் ஏற முடியவில்லை என்றால் அவருக்கு மிச்சம் 65 விழுக்காடு வேலை இருக்கிறதா? தரைக்குப் பூசவும் முடியாது, சுவருக்குப் பூசவும் முடியாது. போனது நூற்றுக்கு நூறு. இது ஏதோ நான் ஆதங்கத்தில் சொல்வது இல்லை. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உறுப்பின் ஊன அளவு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போன தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடலாம், அதே கை போன அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம். உதாரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘இவரால் குத்தவைக்க முடியுமா’ என்று டாக்டரிடம் கூண்டில் ஒருவர் கேட்டால்தானே அந்தத் தீர்ப்பு எங்கள் சித்தப்பாவுக்குப் பயன்படும்? யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்து ஆறேழு மாதம் கழித்து, எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு நர்ஸ் அக்கா சித்தப்பாவைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில் ஆஸ்பத்திரிப் பேப்பர்களைக் கேட்டார். மஞ்சள் பையில் இருந்த கட்டை எடுத்துக் கொடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். நேராக உள்ளே, வார்டு நர்சுகள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதும் குறிப்புகளுக்குப் போனார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ‘தம்பி, இங்க பாருங்க. பிசியோதெரபிக்கு அப்புறமும் முட்டி 40 டிகிரிக்கு மேல மடங்கலன்னு மூணு நாள் எழுதியிருக்காங்க. இதைக் கோர்ட்ல காட்டினீங்களா?’

அந்தக் கட்டு இரண்டு வருடம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் போய் வந்திருக்கிறது. அதன் மேல் எண் போட்டார்கள், முத்திரை வைத்தார்கள். உள்ளே இருந்த அந்த வரியை யாரும் படிக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு 90 நாள், அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் என்றார்கள். சித்தப்பா ‘போதும்டா, என்னால கோர்ட் படி ஏற முடியாது’ என்றார். முழங்காலை வைத்துத்தான் சொன்னார்.

அன்றைக்கு நினைத்தேன், இந்த அக்கா கறுப்பு கோட்டு போட்டு அந்தக் கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும் என்று. இத்தனை வருடம் கழித்து ஒரு நர்ஸ் எனக்குக் கடிதம் எழுதி, சட்டம் படிக்கப் போகிறேன், நான் படித்ததெல்லாம் வீண் என்கிறார். எனக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

என்னம்மா வீண்? ஒரு நாளின் எட்டு மணி நேரத்தை நாலு வரியில் எழுதி அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கத் தெரியும் உங்களுக்கு. மருந்து கொடுத்த நேரமும் எழுதிய நேரமும் ஒத்துவரவில்லை என்றால் கண்ணில் படும். எந்தக் கையெழுத்து அப்புறமாகப் போட்டது என்று தெரியும். மருத்துவக் கவனக்குறைவு வழக்கு, விபத்து வழக்கு, உயிலெழுதியவர் அந்த நேரத்தில் சுயநினைவோடு இருந்தாரா என்ற வழக்கு, இவை எல்லாமே கடைசியில் ஒரு கேஸ் ஷீட்டில், அதாவது ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எழுதும் சிகிச்சைக் குறிப்பில் வந்து நிற்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல் எங்கள் ஊர் கோர்ட்டில் ஒருவர்கூட இல்லை. அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்த பிறகுதான் 1916இல் லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கான கிரேஸ் இன்னில் சேர்ந்தார், 1922இல் பாரிஸ்டர் ஆனார். முதல் படிப்பைக் கழற்றி எறிந்துவிட்டா உள்ளே போனார்?

அதனால்தான் அந்த ‘வகுப்புக்குப் போக வேண்டாம்’ ஆசாமியைப் பற்றிப் படித்தபோது இன்னும் கோபம் வந்தது. உங்களுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கேட்கத் தெரிவது. கூண்டில் நிற்கும் டாக்டரிடம் எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது, எந்த ஆவணத்தை யார் மூலம் சான்றாவணமாகக் குறியீடு செய்வது, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் என்ன பதில் சொல்வது. இதை வகுப்பிலும் மாதிரி நீதிமன்றத்திலும் சீனியர் பின்னால் நின்றும்தான் கற்க முடியும். மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. அதுவும் இப்போது 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. முப்பது வருட வக்கீல்களே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் வகுப்பில் உட்காராமல் எதை வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? அந்த வழியில் போனால் நீங்களும் ‘இது உங்கள் கையெழுத்துதானே’ என்று கேட்கும் வக்கீலாகத்தான் வருவீர்கள். வார்டில் ஊசி போடத் தெரியாமல் சர்டிஃபிகேட் வாங்கி வந்த ஒருத்தியைப் பக்கத்தில் நிற்க விடுவீர்களா?

சட்டத்துக்கு அஞ்சல்வழி கிடையாது. முழுநேரப் படிப்பு, வருகைப்பதிவு உண்டு. பகல் டியூட்டியோடு இது நடக்காது. நிரந்தர நைட் ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் மூன்று வருடம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நைட் டியூட்டி பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பில் உட்காருவது என்னவென்று எனக்குச் சொல்லத் தகுதியில்லை, உங்களுக்குத்தான் தெரியும். வக்கீலாகப் பதிவு செய்து தொழில் செய்யத் தொடங்கினால் முழுநேரச் சம்பள வேலையில் தொடர முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். பதிவுக் கட்டணம் என்று யாராவது பல ஆயிரம் சொன்னால் நம்பாதீர்கள். பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரியான முடிவுதானா என்று கேட்டிருந்தீர்கள். சேருங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நான்கு நாளாக எப்படித் தூங்குகிறீர்கள்? உங்கள் நர்சிங் பதிவுச் சான்றிதழும் அதில் இருக்கிறதா? நாளை டியூட்டிக்குப் போகும் வழியிலேயே கணவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வாங்குங்கள். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்றால் அங்கேயே உட்காருங்கள். கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.