வேலை கேக்காத, கேள்வி கேளு!

கேள்வி: அண்ணா, நான் திருநெல்வேலி பக்கம் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். லிங்க்ட்இன்ல 500 பேர சேர்த்துட்டேன், "சார் ஏதாவது ஜாப் இருந்தா சொல்லுங்க"னு மெசேஜ் போட்டா ஒருத்தரும் ரிப்ளை பண்றதில்ல. வீட்லயும் பெரிய இடத்துல தெரிஞ்சவங்கனு யாரும் இல்ல. என்ன பண்றது?

பதில்: தம்பி, அதே மெசேஜ் எனக்கும் வாரத்துக்கு நாலு வருது, எல்லாம் ஒரே அச்சு, யாருக்கு அனுப்புறோம்னே பார்க்காம அனுப்புனது, அப்புறம் எவன் பதில் போடுவான்? உங்க காலேஜ்ல படிச்சு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வெளிய போன சீனியரா பார்த்து, "அண்ணா, நானும் நம்ம காலேஜ் மெக்கானிக்கல்தான், டிசைன் பக்கம் போகணும்னா டிசைன் சாஃப்ட்வேர்ல முதல்ல CATIA கத்துக்கவா, SolidWorks கத்துக்கவா?"னு ரெண்டே வரி போடு. அவரு சொன்னத செஞ்சு பார்த்துட்டு பத்து நாள் கழிச்சு "இந்த இடத்துல மாட்டிக்கிட்டேன்ணா"னு திரும்ப கேளு, இத முக்காவாசி பேரு செய்யறதே இல்ல.

தெரிஞ்சவங்க இல்லனு வேற புலம்புற. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரர் பாஸ்டன் பக்கம் விசாரிச்சு 1973-லயே எழுதிட்டாரு, ஆள் மூலமா வேலை கிடைச்சவங்கள்ல அடிக்கடி பார்க்கிற ஆள் சொல்லி கிடைச்சது 17 சதவீதம்கூட இல்ல, மத்ததெல்லாம் எப்பவாவது பார்க்கிறவங்க சொன்னதுதான். கூடவே சுத்துறவனுக்கு உனக்கு தெரிஞ்சதுதானே தெரியும்!

அப்புறம், கல்யாண வீட்ல கூலிங்கிளாஸோட எடுத்த அந்த போட்டோவ ப்ரொஃபைல்ல போட்டிருந்தா இன்னைக்கே தூக்கிடு.