கழுத்தில் குழாய், வீட்டில் வென்டிலேட்டர்: சம்மதிக்கலாமா?

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. எஸ்.எம்.ஏ. (தசைகள் தளர்ந்துகொண்டே போகும் மரபணு நோய்) முதல் வகை. சளி முற்றி, மூன்றாவது முறையாக ஐ.சி.யூ.வில் வாய்வழிக் குழாயோடு இருக்கிறான். ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது) செய்து வென்டிலேட்டரோடு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?
ஒரு தாய், திருப்பூர்

பதில்: கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள். முந்தைய முறைகளில் வாய்க்குழாயை எடுத்தவுடனே, காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் மாஸ்க் போட்டார்களா, இருமல் உதவிக் கருவியால் சளியை வெளியேற்றினார்களா? எஸ்.எம்.ஏ.வில் மூச்சுத் தசைகளும் இருமும் சக்தியும் தளர்ந்துவிடும். குழாயை எடுத்துவிட்டு வெறும் ஆக்சிஜன் மட்டும் வைத்தால் கரியமில வாயு தேங்கும், சளி அடைக்கும், மறுபடி குழாய் போட வேண்டிவரும். அதை வைத்து ‘மாஸ்க் சரிப்படாது’ என்று முடிவுகட்டக் கூடாது. முறையாக முயன்ற பிறகும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, இரவு பகலாக மாஸ்க் தேவைப்பட்டாலோ, ட்ரக்கியாஸ்டமி கேட்பது நியாயம்.

அது நோயைக் குறைக்காது. இந்த நோயில் குழாயை பின்னால் எடுத்துவிடலாம் என்ற கணக்கும் பெரும்பாலும் பலிக்காது. எஸ்.எம்.ஏ. மருந்துக்கு விண்ணப்பித்திருந்தால், நிரந்தர வென்டிலேட்டரில் உள்ள குழந்தையை ஏற்பார்களா என்று இப்போதே விசாரியுங்கள். ஏற்காத திட்டங்கள் உண்டு.

அடுத்தது ஆள் கணக்கு. பணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும், இரவிலும்தான். குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா ஒருத்தியே எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்பது திட்டமே அல்ல. இருவரும் தங்கள் கையால் குழாயை மாற்றிப் பழகி, ஒரு முழு நாள் நர்ஸ் உதவியில்லாமல் வார்டில் பார்த்துக்கொண்ட பிறகே டிஸ்சார்ஜ் கேளுங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது பிள்ளையைக் கைவிடுவது ஆகாது. மூச்சுத்திணறலின் வேதனையைத் தணிக்கக் குறைந்த அளவு மார்ஃபின் உண்டு. வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவை இப்போதே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ட்ரக்கியாஸ்டமி ஆகிவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?
வாசகர், நாகர்கோவில்

பதில்: அலாரம் அடித்தால் முதலில் மெஷினைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். உதடு நீலமாகிறதா, நெஞ்சு ஏறவில்லையா? வென்டிலேட்டரைக் கழற்றி, கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்றுக் கொடுங்கள். காற்று இறங்காவிட்டால் சக்ஷன், அதாவது சளியை உறிஞ்சி எடுப்பது. உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீட்டரும் உள்ளே போகாவிட்டால் யோசிக்காமல் குழாயை மாற்றுங்கள். அதே அளவு நுழையவில்லையா, அரை மி.மீ. சிறியதைப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கழுத்துத் துளையை மூடிக்கொண்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க் வைத்து ஆம்பு கொடுங்கள். தொண்டையின் மேல்பகுதி அடைபட்ட குழந்தைக்கு இந்தக் கடைசி வழி பலிக்காது. உங்கள் பேத்தி அப்படியா என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்.

ஆகவே அதே அளவில் ஒரு குழாய், அரை மி.மீ. குறைந்த இன்னொன்று, கத்தரிக்கோல், கழுத்து நாடா, நீரில் கரையும் ஜெல்லி, ஆம்பு பை, சக்ஷன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அடுத்த அறைக்குப் போனாலும் பையும் கூடவே போக வேண்டும்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த சளி. மூக்கு செய்யும் ஈரமூட்டும் வேலையைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர் செய்ய வேண்டும். அதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. வென்டிலேட்டர் டியூபில் தேங்கும் நீரைக் குழந்தையின் பக்கம் சாய விடாதீர்கள். சக்ஷன் கதீட்டரின் எண், குழாயின் உள் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு: 4 மி.மீ. குழாய்க்கு 8-ஆம் எண். குழாயின் நீளத்தை அளந்து, அந்த அளவுக்கு மட்டுமே கதீட்டரை இறக்குங்கள். ஆழமாகக் குத்தினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகி ரத்தம் வரும். ஒரு முறைக்கு 5 முதல் 10 வினாடி போதும். நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். தளர்ந்தால் குழாய் வெளியே வந்துவிடும்.

கேள்வி: கரன்ட் போனால்?
வாசகி, தேனி

பதில்: வென்டிலேட்டருக்கு உள் பேட்டரி இருக்கும், ஹியூமிடிஃபையருக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கும் பொதுவாக இருக்காது. அந்த நேரத்துக்கு ஹியூமிடிஃபையரைக் கழற்றிவிட்டுச் செயற்கை மூக்கை (வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு வடிகட்டி) பொருத்துங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நனைந்து அடைக்கும். ஆக்சிஜனுக்குச் சிலிண்டர், சக்ஷனுக்குப் பேட்டரி உள்ளது அல்லது காலால் மிதிப்பது. இன்வெர்ட்டர் வாங்கினால் வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையில் தரும் சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை வேறு வென்டிலேட்டரோ ஆம்புவோ கையில் தயாராக இருக்கும்போது மெயினை அணைத்து, பேட்டரி உண்மையில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள்.