குருத்து வெட்டுவது யார்?

அன்புள்ள ஐயாவுக்கு,

பூநகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மூன்று மாதப் பனையோலைப் பயிற்சியில் சேர்ந்து சான்றிதழ் பெற்றேன். இப்போது ஓலையும் இல்லை, வாங்குவாரும் இல்லை. கொழும்புக் கடை ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து இரண்டாம் கட்டம் தொடங்கப் போகிறார்களாம். பெயர் கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கொடுங்கள். கையெழுத்து வைக்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இழைக்க வேண்டிய குருத்தை, அந்த விரியாத இளம் ஓலையை, வெட்டுவது யார்?

இப்படியான பயிற்சி ஒன்றின் நிறைவு விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். மண்டபம், பதாகை, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். கற்பித்த மூதாட்டிக்குக் கிடைத்தது பொன்னாடை. ஓலை கொண்டுவந்து போட்டவர் சைக்கிளோடு வாசலில் நின்றார்.

அரசின் பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. திட்டம் என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சிதான், ஆனால் பட்டியல் பாய் வாங்காது.

என் அம்மம்மா வெயிலில் காய்ந்த ஓலையை இரவில் முற்றத்துப் பனியில் போட்டுவைப்பார். விடியற்காலையில் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்ப்பார். முறிந்தால் அன்றைக்கு இழைப்பு இல்லை. மாரியில் ஓலை காயாது என்பதால் கோடையிலேயே வார்ந்து, சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். மார்கழியில் அவருக்கு வேலை இருந்தது அதனால்தான். மூன்று மாத அட்டவணையில் கோடையும் மாரியும் எப்படி அடங்கும்? ஓராண்டாவது உங்களுக்குக் கற்பிப்பவரின் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் மாதச் சம்பளம் வேண்டும். கடைக்காரர் பாதிப் பணத்தை முன்பணமாகத் தந்தால் கோடை ஓலையை வாங்கிச் சேர்த்துவைக்கலாம்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குத் தறித்த பனைகள் கொஞ்சமா? 2009க்குப் பிறகு போட்ட விதைகள் பல இடங்களில் இன்னும் வடலிதான். கண்டபடி குருத்தை வெட்டினால் அதுவும் போய்விடும். எதை வெட்டலாம், எதை விடலாம் என்று தெரிந்தவர் மரமேறுபவர். அவருடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஏன் வர வேண்டும்? சாதி சொல்லி நாம் கொடுத்த மரியாதை அப்படி. அவருக்கும் ஒப்பந்தத்தில் இடமும் கூலியும் இல்லையென்றால் இரண்டாம் கட்டத்திலும் உங்களுக்குச் சான்றிதழ்தான் மிஞ்சும்.

எனக்கு நெல் அள்ள ஒரு கடகம் வேண்டும். இரட்டையாக இழைத்து, விளிம்பை நாரால் பொத்தியது. விலையை நீங்களே எழுதுங்கள். ஓலை கிடைத்த பிறகு செய்தால் போதும்.